முகமூடிக்கு எந்தப் பக்கம் மேல்?

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் மரியாதையாக எழுத வேண்டிவரும். இருபத்தாறு வருடம் அப்படி எழுதியாயிற்று. உங்களில் சிலருக்குத் தமிழ் சரளமாக வாசிக்க வராது என்பது தெரியும். அம்மாவிடமோ அப்பாவிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளை ஓவியக்கூடத்தில் என்னதான் செய்கிறது என்று அவர்களுக்கும் ஒருமுறை விளங்கட்டும். என் மாமனார் கடைசிவரை நான் அங்கே காவல் வேலை பார்ப்பதாகவே நம்பியிருந்தார். சம்பளத்தைக் கேள்விப்பட்டபின் அந்த நம்பிக்கை உறுதியானது.

நான் பொருட்பதிவாளராக இருந்தேன். கண்காட்சிக்கு இரவலாக வரும் ஒவ்வொரு பொருளையும் வந்தவுடன் ஒருமுறை, திருப்பி அனுப்பும்போது ஒருமுறை பார்த்து, அளந்து, அதன் நிலையை எழுதிக் கையெழுத்து வைப்பது என் வேலை. வரும்போது இருந்த கீறல் போகும்போதும் இருக்க வேண்டும். புதிதாக ஒன்று சேர்ந்திருக்கக் கூடாது. இந்தத் தொழிலின் தத்துவம் முழுவதும் இவ்வளவுதான். விளக்கை எந்தக் கோணத்தில் பிடிப்பது, எந்தக் கையுறை போடுவது என்பதையெல்லாம் பயிற்சியில் அழகான படங்களோடு சொல்லித் தருவார்கள். படம் போட முடியாத ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வேலைநாள் ஒவ்வொன்றையும் நான் குறிப்பேட்டில் எழுதிவந்தேன். நாற்பத்துநான்கு குறிப்பேடுகள் லண்டன் செவன் கிங்ஸில் என் வீட்டுச் சின்ன அறையில் இலக்கமிட்டு அடுக்கியிருக்கின்றன. கீழே வருவது முப்பத்தெட்டாம் குறிப்பேட்டிலிருந்து. பேச்சுகள் நடந்த அன்றே எழுதப்பட்டவை. யாராவது மறுத்தால் பக்க எண் தரத் தயாராக இருக்கிறேன்.

கண்காட்சியின் பெயர் 'முகத்துக்கு முகம்'. ஆப்பிரிக்க முகமூடிகளைப் பார்த்துத்தான் ஐரோப்பாவின் நவீன ஓவியர்கள் முகம் வரையக் கற்றார்கள் என்பது செய்தி. அது பழைய செய்தி. ஆனால் ஒவ்வொரு பத்து வருடத்துக்கும் ஒருமுறை அதைப் புதிதாகக் கண்டுபிடிக்க ஓர் ஓவியக்கூடம் முன்வரும்; அந்தப் பத்தில் முறை எங்களுடையது. நடு மண்டபத்தில் பாரிசில் வாழ்ந்த ஓர் ஓவியரின் பெரிய படம். அவர் பெயர் வேண்டாம், அவருக்குப் போதிய விளம்பரம் இருக்கிறது. படத்தில் நான்கு பெண்கள். நால்வருடைய முகமும் கோடரியால் வெட்டிய பலகை போலத் தட்டையாக, கண்கள் குழாய் போல முன்னால் நீட்டிக்கொண்டு, பார்ப்பவரை முறைத்துக்கொண்டிருக்கும். அந்தப் படத்துக்கு நேரெதிரே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், அதே தட்டையும் அதே குழாய்க் கண்களும் கொண்ட ஒரு மர முகமூடி. ஓவியரின் அறைச் சுவரில் தொங்கிய அசல் அதுதான். நைஜர் ஆறு கடலோடு சேரும் பகுதியிலிருந்து வந்தது.

ஓவியத்துக்குப் பக்கத்தில் வைக்கவிருந்த விளக்கப் பலகையை நான் முழுவதும் வாசித்தேன். ஓவியர் எந்தத் தெருவில், எந்தக் காதலியோடு இருந்தபோது, எந்தச் சளிக்காய்ச்சலிலிருந்து எழுந்தபின் அதைத் தீட்டினார் என்பதெல்லாம் இருந்தது. அவருடைய நாயின் பெயரும் இருந்தது. முகமூடிக்கு வைத்த அட்டையில் 'மேற்கு ஆப்பிரிக்கா. மரம். செதுக்கியவர் தெரியவில்லை' என்று இருந்தது. நாயின் பெயரைத் தேடியலைந்ததில் இதற்கு நேரம் கிடைத்திருக்காது. எங்கள் கணினியில் ஓவியம் 'கலைப்படைப்பு' என்றும் முகமூடி 'ஒப்பீட்டுப் பொருள்' என்றும் பதியப்பட்டிருந்தன. பார்த்து வரைந்தது படைப்பு. பார்க்கக் கொடுத்தது ஒப்பீடு.

முகமூடியின் மரப்பெட்டியை ஒரு செவ்வாய்க்கிழமை காலை திறந்தோம். பத்திரிகையாளர் வருவது வியாழன் பத்து மணிக்கு. அறையில் மூன்று பேர். ஒருவன் நான். அடுத்தவர் அன்ரன், பொருட்களைத் தூக்கி, இறக்கி, பொருத்தும் தொழில்நுட்பப் பணியாளர். மன்னார்க்காரர், என்னைவிட ஆறு வயது இளையவர், தோர்ண்டன் ஹீத்தில் குடும்பம். எங்கள் கூடத்தில் தமிழ் பேசியது நாங்கள் இருவர் மட்டுமே. மூன்றாமவர் முகமூடியின் சொந்தக்காரக் குடும்பம் அனுப்பிய பிரதிநிதி. ப்ரஸ்ஸல்சிலிருந்து வந்த ஒல்லியான மனிதர். மடக்கு நாற்காலியில் அமர்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருப்பதும் மணிக்கொரு தடவை குடுவையிலிருந்து தேநீர் குடிப்பதும் அவர் உத்தியோகம். என் அறிக்கையில் அவரும் கையெழுத்து வைத்தால்தான் பொருள் காட்சிக்குப் போகும்.

இந்த முகமூடி எனக்குப் புதியதல்ல. பதினொரு வருடங்களுக்கு முன் வேறொரு கண்காட்சிக்கு இது எங்களிடம் வந்தபோது அதன் அறிக்கையை எழுதியவன் நான்தான். அந்த அறிக்கையின் பிரதி பெட்டிக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தது. என் கையெழுத்தைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. ஒவ்வொரு கீறலும் மில்லிமீட்டரில். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வந்தேன். கீழ் விளிம்பில், தாடைக்கு நேர்கீழே ஒரு வெடிப்பு. அன்று நாற்பத்தொரு மில்லிமீட்டர். இன்று ஐம்பத்தெட்டு.

மீண்டும் அளந்தேன். ஐம்பத்தெட்டுத்தான்.

முகமூடி எப்போதும் நிமிர்த்தித்தான் வைக்கப்பட்டிருந்தது. முகம் என்றால் நிமிர்ந்துதானே இருக்கும்? அதற்கென்று செய்த எஃகுத் தாங்கி தாடைக்குக் கீழே இரண்டு கொக்கிகளால் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆறு கிலோவுக்கு மேற்பட்ட மரத்தின் பாரம் முழுவதும் அந்த விளிம்பில். வெடிப்பும் அங்கேதான். ஐந்து மாதக் கண்காட்சி, அதன்பின் இன்னும் இரண்டு நகரங்கள். முகமூடி தாடையிலிருந்து நெற்றிவரை இரண்டாகப் பிளக்க எத்தனை மில்லிமீட்டர் மிச்சமிருக்கிறது என்று கணக்குப் பார்த்தேன். அதிகம் இருக்கவில்லை.

"ஏன் அண்ணை முகம் கறுத்துப்போச்சு?" என்றார் அன்ரன்.

"வெடிப்பு வளர்ந்திருக்கு. திருப்பிப் பிடியும், உள்பக்கம் பாப்பம்."

அன்ரன் கையுறையோடு முகமூடியைக் கவிழ்த்துப் பஞ்சணையில் வைத்தார். பின்புறம் ஒரு பெரிய குழி. குழிக்குள் கரிய, வழுவழுப்பான வட்டத் தேய்மானம். தாடைப் பக்கம் மிகக் கறுப்பு, எதிர்ப்பக்கம் மங்கல். இரு பக்கவாட்டிலும் சோடியாக இரண்டிரண்டு துளைகள். இவை எல்லாம் என் பழைய அறிக்கையில் இருந்தன. விட்டம், துளையின் அகலம், துளைகளுக்கு இடையேயான தூரம், ஒன்றையும் நான் விடவில்லை. நான் குறிப்பை வாசித்துக்கொண்டிருந்தேன். அன்ரன் குழிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இது முகத்திலை கட்டுறது இல்லை."

"முகமூடியை வேறை எங்கை கட்டுறது? முழங்கால்லையா?"

"பகிடியை விடுங்கோ. இது தலையிலை வைக்கிறது. இஞ்சை பாருங்கோ, நெத்தி பட்ட இடம். இஞ்சை பிடரி. இந்த ஓட்டையாலை கயிறு விட்டு நாடிக்குக் கீழை கட்டுறது. என்ரை கிரீடத்துக்குள்ளையும் இதே அடையாளம்தான் இருக்கு."

இதை விளக்க வேண்டும். அன்ரனின் தேவாலயப் பங்கில் மன்னார்க் குடும்பங்கள் சேர்ந்து வருடாவருடம் நாட்டுக்கூத்துப் போடுவார்கள். தேவாலய மண்டபத்தில், வேதசாட்சிகளின் கதை. ஒன்பது வருடமாக அன்ரன்தான் கொடுங்கோல் மன்னன். ஒன்பது வருடமாக மூன்றாவது பாட்டில் அடி மறந்து, பக்கப்பாட்டுக்காரரைப் பார்த்துக் கண்ணைக் காட்டும் மன்னன். சாகப்போகும் புனிதரே ஒருமுறை அவருக்கு அடி எடுத்துக்கொடுத்ததாகப் பங்கில் பேச்சு உண்டு.

"தலையிலை வைச்சா முகம் எங்கை பாக்கும்?" என்றேன்.

அன்ரன் மேற்கூரையைக் காட்டினார். "மேலை."

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. அந்த முகமூடியின் கண்களில் துளை இல்லை. நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு குழாய்களும் மரத்தாலேயே அடைத்தவை. அதைப் போட்டுக்கொண்டு ஆடுபவர் எப்படிப் பார்ப்பார்? என் பழைய அறிக்கையைத் திறந்தேன். 'கண்கள்: துளை இல்லை' என்று என் கையாலேயே எழுதியிருந்தது. எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன். கண்காட்சி நூலில் அந்தத் துளையின்மைக்கு ஒரு பக்கமே இருந்தது. 'உள்நோக்கித் திரும்பிய குருட்டுப் பார்வை' என்று.

"ஒருக்கா என்ரை தலையிலை வைச்சுப் பாப்பமே? உடனை தெரிஞ்சிடும்," என்றார் அன்ரன், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு.

"தொட்டீரெண்டால் உம்மை இந்தப் பெட்டிக்குள்ளை வைச்சு ஆணி அடிச்சு ப்ரஸ்ஸல்சுக்கு அனுப்பிப்போடுவன்."

ஊரின் பெயர் காதில் பட்டதும் நாற்காலிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். நான் புன்னகைத்தேன். அவர் புன்னகைக்கவில்லை.

புதன்கிழமை காலை அன்ரன் தன் கூத்துக் கிரீடத்தை ஃபாரஸ்ட் கேட் பலசரக்குக் கடையொன்றின் அரிசிப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் பையைச் சோதித்த காவலர் கானா நாட்டுக்காரர். எதற்கும் அதிர்ந்து பழக்கமில்லாதவர்.

"இது என்ன?"

"கிரீடம்."

"நீ ராஜாவா?"

"சனிக்கிழமைகளில் மட்டும்."

"சரி, மாட்சிமை பொருந்தியவரே, அடையாள அட்டையைக் காட்டிவிட்டுப் போங்கள்."

கிரீடத்தைக் கவிழ்த்து முகமூடிக்குப் பக்கத்தில் வைத்தோம். ஒன்று மரச்சட்டமும் துணியும் கண்ணாடித் துண்டுகளும். மற்றது ஒரே மரத்தில் குடைந்தது. உள்ளே இருந்தது ஒரே அடையாளம். ஆடும்போது தலை முன்னால் சாய்வதால் நெற்றிப் பக்கம் வியர்வை அதிகம் ஊறி மிகக் கறுக்கிறது. பிடரிப் பக்கம் மங்கலாகிறது. பக்கவாட்டில் கயிற்றுத் துளைகள், காதுக்குச் சற்று முன்னால். கலிப்பர் அளவுகோலை எடுத்து இரண்டையும் அளந்தேன். முகமூடியின் வட்டம் ஆறு மில்லிமீட்டர் சிறியது.

"அவருக்கு என்னைவிடச் சின்னத் தலை," என்றார் அன்ரன்.

"உம்மைவிடப் பெரிய மூளை. அடி மறந்திருக்க மாட்டார்."

இப்போது உங்களுக்கு நிலைமை விளங்கியிருக்கும். அந்த முகம் யாரையும் முறைக்கவில்லை. படுத்த வாக்கில் ஒரு மனிதரின் தலைமேல் இருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ ஒரு வியாபாரி அதைச் சுவரில் நிமிர்த்தித் தொங்கவிட்டிருக்கிறார். ஓவியர் அதைப் பார்த்து, தன்னை முறைப்பதாக நினைத்து, நான்கு பெண்களுக்கும் அந்த முறைப்பைக் கொடுத்திருக்கிறார். அதிலிருந்து ஒரு நூற்றாண்டுக் கலைவரலாறு பிறந்திருக்கிறது. ஓவியம் அதனால் மோசமாகிவிடாது. அது நல்ல ஓவியம்தான். ஆனால் 'முகத்துக்கு முகம்' என்ற கண்காட்சியில் அந்த முகம் எந்த முகத்துக்கும் எதிரே இருந்ததில்லை என்பது சற்றே சங்கடம். அதைவிடப் பெரிய சங்கடம், நிமிர்த்தி வைத்ததால்தான் அது பிளந்துகொண்டிருந்தது என்பது.

பதினொன்றரைக்குப் பிலிப்பாவிடம் போனேன். கண்காட்சியின் பொறுப்பாளர் அவர். கெட்டவர் அல்ல. என் பிறந்தநாளை ஒருபோதும் மறந்ததில்லை. ஒருபோதும் சரியான மாதத்தில் வாழ்த்தியதுமில்லை. வெடிப்பைச் சொன்னேன், குழியைச் சொன்னேன், கிரீடத்தைச் சொன்னேன். கடைசியில் சொன்னதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"பொறுங்கள் சிவா. உங்கள் சாட்சியம் ஒரு தேவாலய நாடகத்தின் தொப்பியா?"

"கிரீடம்."

"சுவரொட்டி பஸ்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. நூல் அச்சாகிவிட்டது. அட்டையில் அந்த முகம் நிமிர்ந்து நிற்கிறது. நாளைக் காலை பத்து மணிக்குப் பத்திரிகையாளர்கள் வருகிறார்கள். நான் அவர்களிடம் என்ன சொல்ல? நாங்கள் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தோம் என்றா?"

"தலைகீழாக இல்லை. நிமிர்த்தி. அது படுத்திருக்க வேண்டும்."

பிலிப்பா கணினியை என் பக்கம் திருப்பினார். திரையில் என் பதினொரு வருடத்துக்கு முந்தைய அறிக்கை. ஒரு வரியின்மேல் விரலை வைத்தார்.

'உட்புற வட்டத் தேய்மானம். காரணம்: பழைய தாங்கியொன்றில் நீண்டகாலம் வைத்திருந்தமை. முக்கியத்துவம்: இல்லை.'

"இது உங்கள் கையெழுத்துத்தானே?"

"ஆம்."

"அந்தத் தாங்கியை வடிவமைத்தவர் இதை வாசித்துவிட்டுத்தான் வடிவமைத்தார். லண்டனிலேயே துல்லியமான அறிக்கை உங்களுடையது என்று நாங்கள் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறோம். இப்போது எந்த சிவாவை நான் நம்ப வேண்டும்? இவரையா, இன்று காலை கிரீடம் பார்த்தவரையா?" குரலைத் தணித்தார். "வெடிப்பு மெதுவாக வளர்கிறது, அவ்வளவுதானே? 'நிலையானது' என்று எழுதுங்கள். ஐந்து மாதத்தில் ஒன்றும் ஆகாது. அதன்பின் அது இன்னொரு கூடத்தின் பிரச்சினை. உங்களுக்கும் இந்த வசந்தத்தில் இப்படியொரு விஷயம் கோப்பில் இருப்பது நல்லதில்லை."

வசந்தம் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். மூன்று பொருட்பதிவாளர்களை இரண்டாக்குவதென்று தீர்மானமாகியிருந்தது. மூவரில் யார் என்பது மட்டும் பாக்கி. என்னிடம் பட்டம் இல்லை, ஆங்கிலேய உச்சரிப்பு இல்லை, ஓவியர்களோடு எடுத்த படமும் இல்லை. என் அறிக்கையில் பிழை வந்ததில்லை என்ற ஒரே ஒரு பேர்தான் இருந்தது. அதை வைத்துத்தான் இருபத்தாறு வருடம் ஓட்டியிருந்தேன்.

மதியம் பணியாளர் உணவறையில் அன்ரனும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த புட்டையும் மீன்குழம்பையும் மைக்ரோவேவில் சூடாக்கி, வடிவமைப்புப் பிரிவினர் நால்வரை வேறு மேசைக்கு அனுப்பியிருந்தார்.

"நான் முகமூடி வந்த நாட்டுப் பல்கலைக்கழகத்திலை ஒரு விரிவுரையாளருக்கு நேற்றே மின்னஞ்சல் போட்டிருக்கிறன்," என்றேன். "இந்த ஆடல் எல்லாம் ஆராயிற மனிசி. படத்தையும் அனுப்பினனான். அவவின்ரை பதில் வராமல் ஒண்டும் எழுத ஏலாது. ஆதாரம் வேணும்."

"அப்ப பதில் வந்தால் எழுதுவியள்?"

"ஓம்."

பதில் இரண்டு மணித்தியாலத்துக்கு முன்பே வந்திருந்தது. தொலைபேசியைச் சத்தமில்லாமல் வைத்திருந்ததால் நான் பார்க்கவில்லை. அல்லது பார்க்க விரும்பவில்லை. குறிப்பேட்டில் இரண்டையும் எழுதியிருக்கிறேன். அப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். கடிதம் இரண்டு வரி. 'ஆம், தலையின்மேல், முகம் வானத்தை நோக்கி. நீர்த் தெய்வங்கள் மேலிருந்து பார்ப்பதற்காகச் செய்வது. நீங்கள் அதை ஏன் நிமிர்த்தி வைத்திருக்கிறீர்கள்?'

நூற்றுக்கு மேற்பட்ட வருடங்களில் அந்தக் கேள்வியை அந்தப் பக்கத்து மனிதர் யாரிடமும் யாரும் கேட்டிருக்கவில்லை. பதில் வர ஒருநாள்கூட எடுக்கவில்லை.

அன்ரன் தொலைபேசியை எட்டிப் பார்த்து வாசித்தார். குழம்பை விரலால் வழித்தார்.

"இப்ப என்ன ஆதாரம் வேணும்? தெய்வமே இறங்கி வந்து கையெழுத்து வைக்கோணுமோ?"

"யோசிக்கோணும் அன்ரன்."

"என்னத்தை யோசிக்கிறியள்? அந்த மரம் வெடிக்கிறதைப் பற்றி நீங்கள் யோசிக்கேல்லை. நீங்கள் எழுதினது பிழை எண்டு நீங்களே எழுதோணும். அதுக்குத்தான் நோகுது."

"உமக்கென்ன, நீர் வருசா வருசம் மேடையிலை பிழை விட்டுப் பழகின ஆள்."

"ஓம். அதாலைதான் சொல்லுறன். அடி மறந்தால் நிண்டு முழிக்கிறதுதான் கேவலம். பிழையெண்டு தெரிஞ்ச உடனை திருப்பி எடுத்துப் பாடினால் சனம் கைதட்டும். நான் ஒன்பது வருசம் கைதட்டு வாங்கினவன்."

மேடையில் அவருக்குக் கிடைத்த கைதட்டு எத்தகையது என்பதைப் பற்றி எனக்கு வேறு தகவல் உண்டு.

ஒன்றேகாலுக்கு என் மேசைக்குப் போனேன். இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள், ஏனென்றால் உங்கள் மேசைக்கும் ஒருநாள் இது வரும். பதினொரு வருடத்துக்கு முன் நான் குழிக்குள் தேய்மானத்தைப் பார்த்தது சரி. அளந்தது சரி. படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டால் சோம்பேறி என்று நினைப்பார்களோ என்று பயந்து ஒரு காரணத்தைப் போட்டு நிரப்பினேன். 'ஊகம்' என்றுகூட எழுதவில்லை. இரண்டு தசமத்துக்கு அளந்த எண்களின் நடுவே வந்து உட்கார்ந்ததால் என் கற்பனையும் அளந்தது போலவே தெரிந்தது. சுவரில் தொங்கியதை முறைப்பு என்று நினைத்த ஓவியரை நான் பகிடி பண்ணினேன். அவராவது பார்த்ததை வைத்து ஒரு படம் வரைந்தார். நான் ஒரு கட்டத்தை நிரப்பினேன்.

புதிய படிவத்தில் இப்படி எழுதினேன்: 'வெடிப்பு 58 மி.மீ., வளர்கிறது. நிலையானது அல்ல. நிமிர்த்தி வைக்கக் கூடாது. உட்புறத் தேய்மானம் தலையில் அணிந்ததால் ஏற்பட்டது. முந்தைய அறிக்கையில் கூறிய காரணம் பிழை. பிழை என்னுடையது.' கீழே 'அவதானித்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. வழமையாக அதில் என் பெயரை எழுதுவேன். அன்று அன்ரனின் முழுப்பெயரை எழுதினேன். 'உறுதிப்படுத்தியவர்' என்ற இடத்தில் அந்த விரிவுரையாளரின் பெயர். கடைசியில் என் கையெழுத்து. வழக்கத்தைவிடக் கொஞ்சம் சிறிதாக விழுந்தது.

இரண்டு மணிக்குப் பிலிப்பாவும் வந்து நின்றார். ப்ரஸ்ஸல்ஸ்காரர் அறிக்கையை வாங்கி, கண்ணாடியை மாற்றி, எழுத்தெழுத்தாக வாசித்தார். பிலிப்பா அவரிடம் சுவரொட்டியைப் பற்றிப் பேசினார், பஸ்களைப் பற்றிப் பேசினார், வெடிப்பு என்பது ஒரு கண்ணோட்டம்தான் என்ற அளவுக்குப் போனார். ப்ரஸ்ஸல்ஸ்காரர் எழுந்து போய் முகமூடியின் கீழ் விளிம்பை ஒரு நிமிடம் பார்த்தார். இரண்டு நாளில் முதன்முறையாக வாயைத் திறந்தார்.

"படுக்க வையுங்கள். இல்லையென்றால் பெட்டியை மூடுங்கள்."

கையெழுத்து வைத்துவிட்டுத் தேநீர் ஊற்றிக்கொண்டார். நான் இந்தத் தொழிலில் கேட்ட மிகச் சிறந்த சொற்பொழிவு அதுதான்.

மூன்று மணிக்குள் அன்ரன் தாங்கியைக் கழற்றினார். வட்டமான பஞ்சணை ஒன்று, தலையின் அளவுக்கு. அளவு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டாம். அரிசிப்பை இன்னும் அறையில்தான் இருந்தது. முகமூடி அதன்மேல் வானத்தைப் பார்த்தபடி படுத்தது. வானம் இல்லை, குளிரூட்டிக் குழாய்கள்தான் இருந்தன. இருந்தாலும் அதன் முகம் மாறியிருந்தது. முறைப்பு போய்விட்டது. யாருக்காகவோ காத்திருப்பது போல இருந்தது. பிலிப்பா ஒருமுறை பார்த்துவிட்டு வேகமாக நடந்து போனார். அந்த நடையை வைத்து, வேலை போனது என்னுடையதுதான் என்று அன்றிரவே குறிப்பேட்டில் எழுதினேன்.

வியாழன் பத்து மணி. பத்திரிகையாளர்கள் வந்தார்கள். வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும் முகமூடியையும் கையிலிருந்த சுவரொட்டியையும் மாறிமாறிப் பார்த்தார்கள். ஒருவர் கேட்டேவிட்டார். பிலிப்பா கண் இமைக்கவில்லை.

"முகத்துக்கு முகம் என்று நாம் அழைக்கிறோம். அது திரும்ப மறுக்கிறது. அந்த மறுப்பைக் காட்சிப்படுத்த நாங்கள் வேண்டுமென்றே துணிந்தோம்."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். வார இறுதியில் 'இந்த ஆண்டின் மிகத் துணிச்சலான காட்சியமைப்பு' என்று ஒரு பத்திரிகை பாராட்டியது. இரண்டாவது வாரம் புதிய விளக்க அட்டை வந்தது: 'கண்காட்சிப் பொறுப்பாளரின் அண்மைய ஆய்வின்படி இது தலையின்மேல் அணியப்பட்டது.' அன்ரன் அதைப் பொருத்தும்போது நான் பக்கத்தில் நின்றேன். மேலிருந்து கீழே வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"அண்ணை, இதிலை என்ரை பேர் எங்கை?"

"செதுக்கினவரின்ரை பேருக்குப் பக்கத்திலை பாரும்."

பார்த்தார். 'செதுக்கியவர் தெரியவில்லை.' மண்டபம் அதிரச் சிரித்தார். நான்கு பெண்களும் அவரை முறைத்தார்கள்.

வசந்தத்தில் எனக்குக் கடிதம் வந்தது. மூவரில் நான்தான். 'காரணம்' என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். அதை எப்படிக் காலியாக விடுவது என்று மனிதவளப் பிரிவுக்கு யாரோ நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

முகமூடி அதன்பின் இரண்டு நகரங்களுக்குப் போயிற்று. படுத்தபடியே போயிற்று. அன்ரன் அதைக் கட்டி அனுப்பிய நாளில் நான் கடைசியாக ஒருமுறை அளந்தேன். ஐம்பத்தெட்டு. அந்த எண்ணை எழுதியபோது வந்த சந்தோஷத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

அந்தப் பெட்டி எங்கே போனாலும் உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை போகும். அதை யாரும் வாசிப்பதில்லை, என்னைப் போல, உங்களைப் போல, படிவத்தோடு குனிந்து நிற்பவரைத் தவிர. அதற்குள் நாயின் பெயர் இல்லை. ஓவியரின் பெயரும் இல்லை. தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் ஒரு மன்னனின் பெயரும், எங்கள் கேள்விக்கு ஒரே நாளில் பதில் தந்த ஒரு பெண்ணின் பெயரும் இருக்கின்றன. அவற்றுக்கு மேலே ஒரு கட்டம், 'செதுக்கியவர்' என்று. அச்சிட்ட 'தெரியவில்லை' என்பதை வெட்டிவிட்டு, 'இன்னும் கேட்கவில்லை' என்று என் கையால் எழுதியிருக்கிறேன்.

பெட்டி உங்களிடம் வந்தால் கேளுங்கள். விரிவுரையாளரின் மின்னஞ்சல் முகவரி உறையின் பின்புறத்தில் இருக்கிறது.